97.6 வந்திருக்கிறது, புது பாக்டீரியாதானே?

கேள்வி, 2025 பிப்ரவரி 9, இரவு 10.40

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு, சென்னை. புராஜெக்டுக்காக மனித மலத்திலிருந்து பாக்டீரியா பிரித்தேன். ஒன்றின் 16எஸ் சீக்வென்ஸை (பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கும் ஜீனின் எழுத்து வரிசை) பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுத் தளத்தில் போட்டால் முதல் ஹிட் 97.6 சதவீதம் ஒற்றுமை. 98.65-க்குக் கீழே போனால் புது இனம் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் என்னுடையது புதுசுதானே? பெயர்கூட யோசித்துவிட்டேன். பேப்பர் எங்கே அனுப்பலாம்?

பிப்ரவரி 9, இரவு 11.55

பெயரை ஓரமாக வை. எத்தனை எழுத்து சீக்வென்ஸ்? ஒரு பக்கம் படித்ததா, இரண்டு பக்கமுமா? முதல் ஹிட் யார்? எந்த மீடியத்தில் வளர்த்தாய், தட்டில் எத்தனை முறை ஸ்ட்ரீக் செய்து (கோடு கோடாக இழுத்துப் பிரித்து) தனிக் காலனி எடுத்தாய்? இவ்வளவையும் சொல், பிறகு பேசலாம்.

பிப்ரவரி 10, காலை 6.15

உன் பதிலைப் பார்த்தேன். நியூட்ரியன்ட் அகார், 37 டிகிரி, சாதாரண இன்குபேட்டர். 812 எழுத்து, ஒரு பக்கம் மட்டும். முதல் ஹிட் "அன்கல்ச்சர்ட் பாக்டீரியம் குளோன்". ஸ்ட்ரீக் ஒரு முறை.

தம்பி, ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை.

16எஸ் ஜீன் ஏறக்குறைய 1,500 எழுத்து. 27எஃப், 1492ஆர் என்ற இரண்டு பிரைமரையும் (படிப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) வைத்து இரு பக்கமும் படித்து நடுவில் சேர்த்தால்தான் முழுசாகக் கிடைக்கும். உன்னிடம் இருப்பது பாதி. அடுத்தது, "அன்கல்ச்சர்ட்" என்று வருவது யாரோ எங்கேயோ டிஎன்ஏவை மட்டும் படித்துத் தளத்தில் ஏற்றிய துண்டு. அதற்கு ஊர் பேர் கிடையாது. ஒப்பிட வேண்டியது டைப் ஸ்ட்ரெயின்களோடு, அதாவது ஒவ்வொரு இனத்துக்கும் "இதுதான் அது" என்று சாட்சியாக வைத்திருக்கும் வளர்ப்போடு. எஸ்பயோகிளவுட் தளத்தில் போட்டுப் பார்.

கருவியிலிருந்து வந்த மூல ஃபைலையும் அனுப்பு. எழுத்து வேண்டாம், மலைமலையாக வருமே, அந்த குரோமட்டோகிராம்.

பிப்ரவரி 10, இரவு 9.30

ஃபைல் வருவதற்குள் அந்த 98.65 பற்றி.

பாடத்தில் வருகிற எண் வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1987-இல் ஒரு குழு உட்கார்ந்து, இரண்டு பாக்டீரியாவின் டிஎன்ஏவைக் கலந்து சூடாக்கி ஆறவிட்டால் 70 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டால் ஒரே இனம் என்று வைத்தது. அந்தச் சோதனை செய்கிறவர் உயிரை வாங்கும். 16எஸ் படிப்பது சுலபம் என்பதால், 1994-இல் 97-க்குக் கீழே இருந்தால் அந்தச் சோதனையே வேண்டாம், புதுசுதான் என்றார்கள். பிறகு ஜீனோம்கள் (ஒரு பாக்டீரியாவின் முழு டிஎன்ஏ வரிசை) குவிந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்து 2014-இல் 98.65 என்று மாற்றினார்கள்.

இது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. சுத்தமான வளர்ப்பு, முழு சீக்வென்ஸ் என்று இருந்து 98.65-க்குக் கீழே போனால் புதுசாக இருக்க நல்ல வாய்ப்பு. மேலே போனால் பழசு என்று சொல்ல முடியாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானமானது. இன்னொரு நாள்.

பிப்ரவரி 11, இரவு 10.10

ஃபைல் வந்தது. 812 எழுத்தில் 19 தப்பு. அதில் 17, கடைசி 150 எழுத்துக்குள். மற்ற இரண்டும் முதல் இருபதுக்குள். கடைசிப் பகுதியில் மலைகள் எல்லாம் தேய்ந்து மேடாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கருவி அங்கே கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறது. இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் போட்டேன். மிச்சம் 640 எழுத்தும் எண்டிரோகாக்கஸ் ஃபீக்காலிஸோடு அப்படியே பொருந்துகிறது.

வருத்தப்படாதே. காற்றுப் படுகிற நியூட்ரியன்ட் அகாரில் மலத்தைத் தேய்த்தால் ஈ.கோலி, எண்டிரோகாக்கஸ், இந்த வகையறாதான் ஓடி வரும். தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்திலிருந்து ஈ.கோலியைப் பிரித்து எழுதியது 1885. அந்தத் தட்டில் 140 வருடமாக எல்லாரும் தேடிவிட்டார்கள்.

பிப்ரவரி 15, பிற்பகல் 3.20

"அக்கா, உங்கள் அவமானக் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். சரி.

2019-இல் தென்சென்னையில் ஒரு ஆய்வகத்தில் ஜூனியர் ஃபெலோ. எது என்று கேட்காதே. ஆரோக்கியமான ஆட்களின் குடல் பாக்டீரியாக்களைக் காற்றில்லாமல் வளர்ப்பதுதான் வேலை. எனக்கு வாய்த்தது டி-4 என்று லேபிள் ஒட்டிய ஒன்று. இரண்டு பக்கமும் படித்தேன், சேர்த்தேன், 97.9. டைப் ஸ்ட்ரெயினோடுதான் ஒப்பிட்டேன். ஆய்வகமே இனிப்பு சாப்பிட்டது.

எட்டு மாதம். கொழுப்பு அமிலம் பார்க்க வெளியே அனுப்பினோம். எந்தச் சர்க்கரையைத் தின்னும், எதைத் தின்னாது, எந்த வெப்பத்தில் வளரும் என்று வரிசையாகப் பார்த்தேன். ஒரு வாரம் லாக்டோஸ் பாசிட்டிவ், அடுத்த வாரம் நெகட்டிவ். மீடியம் சரியில்லை, பிஹெச் சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னேன். கடைசியில் ஜீனோம் வந்தது. துண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இரண்டு குவியல்: ஒன்றில் ஜி, சி எழுத்துகள் சேர்ந்து 44 சதவீதம், இன்னொன்றில் 58. அதாவது தட்டில் இருந்தது இரண்டு பேர். இரண்டு பேரும் ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டவர்கள்.

97.9 எங்கிருந்து வந்தது? முன்பக்கம் படித்ததில் ஒருவன் உரக்கப் பேசியிருக்கிறான், பின்பக்கத்தில் மற்றவன். நான் நடுவில் தைத்துவிட்டேன். ஒட்டுகிற இடத்தில் சில எழுத்துகள் முரண்பட்டன. இரைச்சல் என்று நானே என் கையால் திருத்தினேன். தப்பு கருவியில் இல்லை, அந்தத் திருத்தத்தில்தான்.

பிப்ரவரி 16, காலை 7.00

நேற்று எழுதியதைப் படித்தவர்கள், மலை மேல் மலை ஏறினாலே கலப்படம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பாக்டீரியாவுக்குள் 16எஸ் பல பிரதிகள் இருக்கும். ஈ.கோலியில் 7. அவை தங்களுக்குள் ஓரிரு எழுத்து வேறுபடலாம், அப்போது சுத்தமான வளர்ப்பிலும் அந்த இடத்தில் இரட்டை மலை வரும். இரண்டு மூன்று இடத்தில் வந்தால் யோசி. வழிநெடுக வந்தால் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஸ்ட்ரீக் செய்.

பிப்ரவரி 22, இரவு 11.30

இதுவரை சொன்னது, இல்லாததை இருப்பதாக நினைத்த கதை. இன்னொரு கதை இதற்கு நேர் எதிர், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதே தட்டுகளில் பி-17 என்று ஒன்று. லாக்னோஸ்பிரேசி என்ற குடல் பாக்டீரியாக் குடும்பத்து ஆள். 16எஸ் 99.3, தெரிந்த ஒரு இனத்தோடு. "பழசு, ஃபிரீசரில் போடு" என்றார்கள். போட்டேன். அதன் வெண்ணெய் கெட்ட வாடை மட்டும் ஞாபகம் இருக்கிறது, பியூட்டிரிக் அமிலத்தின் வாடை. கையுறையைக் கழற்றினாலும் விரலில் நிற்கும். மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போயிருக்கிறார்.

டி-4 ஜீனோமுக்கு அனுப்பும்போது அந்த ஓட்டத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. காசு கட்டியாயிற்று, சும்மா விடுவானேன் என்று பி-17-இன் டிஎன்ஏவைச் சேர்த்து அனுப்பினேன். டி-4 கவிழ்ந்த அதே வாரம் பி-17-இன் ஜீனோமையும், அந்தப் பழைய இனத்தின் டைப் ஸ்ட்ரெயின் ஜீனோமையும் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சராசரி ஒற்றுமை 89.6. ஏஎன்ஐ என்று சொல்வது இதைத்தான். 95, 96-க்கு மேல் இருந்தால்தான் ஒரே இனம்.

16எஸ் மெதுவாக மாறும் ஜீன். புரதம் செய்கிற இயந்திரத்தின் பாகம், அதில் கை வைத்தால் செல் செத்துவிடும். மற்ற ஜீன்களெல்லாம் பிரிந்து வெகுதூரம் போன பிறகும் அது அசையாமல் உட்கார்ந்திருக்கும். முகம் அச்சாக ஒன்றுபோல் இருக்கிறது என்று சொந்த அண்ணன் தம்பி ஆக்கிவிட்டோம். ஜாதகத்தைப் பார்த்தால் தூரத்துப் பங்காளி.

மார்ச் 2, மாலை 5.45

எப்படிப் பிரிப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சோம்பலாக இருக்கிறது, இருந்தாலும் இது எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் எதிக்ஸ் கமிட்டி அனுமதி, மாதிரி தருகிறவரின் சம்மதக் கையெழுத்து. மூன்று மாதமாக ஆன்டிபயாடிக் எடுக்காத ஆள் வேண்டும். சென்னையில் அப்படி ஒருவரைத் தேடிப் பார், அதுவே ஒரு ஆய்வு. பி-17 கொடுத்தவர் வடசென்னையில் ஒரு பெரியவர். தினமும் காலையில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். மாத்திரை என்றாலே ஆகாது. டப்பாவை மூடி, ஆக்சிஜனை உறிஞ்சும் பாக்கெட்டோடு பையில் வைத்து ஆட்டோவில் தெற்கே கொண்டுவர வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் எங்கள் வண்டி நகரவில்லை. மடியில் என்ன என்று டிரைவர் கேட்டார். "சாம்பிள்" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

பிறகு சேம்பர். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் 85 பங்கு நைட்ரஜன், 10 ஹைட்ரஜன், 5 கார்பன் டை ஆக்சைடு. தப்பித் தவறி உள்ளே வரும் ஆக்சிஜனைப் பல்லேடியம் உருண்டைகள் ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கிவிடும். தண்ணீர் ஏறினால் உருண்டைகள் மந்தமாகிவிடும். தினமும் வெளியே எடுத்து அடுப்பில் காயவைக்க வேண்டும், வெயிலில் வற்றல் காயவைப்பது மாதிரி. மீடியத்தில் ரெசசூரின் என்ற சாயம் இருக்கும். ஆக்சிஜன் பட்டால் ரோஸ் நிறம். தட்டு ரோஸாக மாறினால் அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

பெரிய ரப்பர் கையுறைக்குள் முழங்கைவரை விட்டு, வியர்வையில் ஊறிக்கொண்டு காலனி பொறுக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் பி-17 தெரிந்தது. கடுகில் பாதி, சாம்பல் வெள்ளை, ஓரம் கொஞ்சம் பிய்ந்தாற்போல. ஊசியால் தொட்டால் அகாரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

எல்லாமே இந்த ஒரு மீடியத்தில் வராது. நெதர்லாந்தின் வாகெனிங்கனில் 2004-இல் அக்கர்மான்சியா மியூசினிஃபிலாவைப் பிடித்தது, குடல் சளியான மியூசினை மட்டும் தின்னக் கொடுத்து. மற்றவர்கள் பட்டினி, இது மட்டும் கொழுத்தது. யாரைப் பிடிக்க வேண்டுமோ அவருக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும்.

மார்ச் 3, காலை 8.10

உடம்பில் மனித செல்லைவிட பாக்டீரியா பத்து மடங்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய கணக்கு. 2016-இல் மறுபடி எண்ணினார்கள்: சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல். கிட்டத்தட்ட சமம். காலையில் ஒரு முறை போய்விட்டு வந்தால் நாம் ஜெயித்துவிடலாம்.

மார்ச் 9, இரவு 10.00

"ஜீனோமே கிடைத்துவிட்டதே, பெயர் வைக்க வேண்டியதுதானே?"

பெயர் வைப்பது கடைசி வரி. அதற்கு முன் ஆளை வர்ணிக்க வேண்டும். செல் எவ்வளவு நீளம், கிராம் சாயம் என்ன சொல்கிறது (ஊதா என்றால் பாசிட்டிவ், சிவப்பு என்றால் நெகட்டிவ்), நகருமா, ஸ்போர் (கஷ்டகாலத்தைத் தாங்கும் உறங்கு விதை மாதிரி) போடுமா, எந்த வெப்பம், எந்த பிஹெச், எதைத் தின்று எந்த அமிலத்தைக் கக்கும், செல் கொழுப்பில் என்ன. கிராம் சாயத்தில் பி-17 என்னை இரண்டு வாரம் சுற்றவிட்டது. வளர்ப்பு கொஞ்சம் பழசானால் பாசிட்டிவ் ஆள் நெகட்டிவ் மாதிரி சிவப்பாகத் தெரியும். எட்டு மணி நேரத்து இளம் வளர்ப்பில் ஊதா. ஐந்து நாள் விட்டால் சில செல்களின் ஒரு முனை உருண்டு, முருங்கைப் பிஞ்சின் நுனியில் மணி கட்டியதுபோல இருந்தது. ஸ்போர். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மறந்துவிட்டேன். அந்த வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெயர் லத்தீன் இலக்கணப்படி இருக்க வேண்டும். "பாக்டர்" என்று முடிந்தால் ஆண்பால், சென்னையென்சிஸ். "பாக்டீரியம்" என்று முடிந்தால் அஃறிணை மாதிரி, சென்னையென்சே. "-எல்லா" என்றால் பெண்பால். இதைத் தப்பாக எழுதினால் திருத்துவதற்கென்றே ஆட்கள் உண்டு. தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லை, தம்பி. நீ யோசித்த பெயர் என்ன என்று நீ சொல்லாமலே தெரிகிறது.

பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "என் பேரையே வையேம்மா, என் வயித்துல இருந்ததுதானே" என்றார். மாதிரி கொடுத்தவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது, அதனால் முடியாது என்றேன். "அப்ப பழையதுன்னு வை" என்றார். லத்தீனில் அதற்கு என்ன என்று நிஜமாகவே தேடினேன்.

நம் நாட்டிலிருந்து யாராவது செய்திருக்கிறார்களா என்று கேட்டவருக்கு: மெகாஸ்ஃபேரா இண்டிகா. புனே ஆய்வாளர்கள், மனித மலத்திலிருந்து, 2014.

மார்ச் 15, இரவு 11.50

இனிமேல் எழுதுவது புலம்பல். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

பெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் உயிருள்ள டைப் ஸ்ட்ரெயினை இரண்டு நாடுகளில், இரண்டு வளர்ப்பு சேமிப்பகங்களில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கே என்றால் சண்டிகர் அல்லது புனே. வெளியே என்றால் ஜெர்மனி, ஜப்பான், கொரியா என்று சில. இந்திய நுண்ணுயிரை வெளியே அனுப்பினால் 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டம் வரும். அந்தச் சட்டத்தின் வரையறையில் மனித மரபுப்பொருள் சேராது, நுண்ணுயிர் சேரும். பெரியவர் வெளியே, அவர் வயிற்றில் இருந்தது உள்ளே. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. நாங்கள் டீ குடிக்கும் கடையிலிருந்து நடந்து போகலாம். அந்த தூரத்தை நடக்காமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் கொரோனா, ஃபண்ட், என் கல்யாணம், எல்லாம்தான். 2023 வந்துவிட்டது.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டு நாள் கொட்டிய மழை, தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து மைனஸ் 80 ஃபிரீசர் அறை வெப்பத்துக்கு வந்துவிட்டது. திறந்தபோது வாசலிலேயே தெரிந்தது. ஆறு குப்பியில் இருந்த பி-17-ஐயும் தட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரில் முழு ஜீனோம் இருக்கிறது, ஆள் இல்லை.

மார்ச் 16, காலை 9.15

இரவில் எழுதியது கொஞ்சம் அதிகம். ஆள் இல்லாமலும் வழி இருக்கிறது என்று இருவர் சொன்னது சரி. 2022-இல் வந்த சீக்கோட் என்ற விதிமுறையில் ஜீனோமையே டைப்பாக வைத்துப் பெயர் சூட்டலாம். குடல் ஜீனோம்களைத் தொகுத்த ஒரு பெரிய பட்டியலில் 4,644 இனம், அதில் 70 சதவீதத்துக்கு மேல் யாரும் வளர்த்ததே இல்லை. எல்லாவற்றையும் வளர்த்த பிறகுதான் பெயர் என்றால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் முடியாது. புரிகிறது.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜீனோமுக்கு வாடை இல்லை. பி-17 என்ன செய்யும் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், ஒரு குப்பியை நீட்ட வேண்டாமா? டி-4-இல் என்னை ஏமாற்றியதும் எழுத்துதானே.

மார்ச் 29, மாலை 6.30

தம்பி ஒரு கேள்வி கேட்டான். "ஸ்போர் போடுகிற ஆள் என்றால் ஃபிரீசர் உருகியதற்கு ஏன் செத்தது அக்கா?"

ஒன்றேகால் வருடமாக எனக்குத் தோன்றாத கேள்வி.

பதில் என் நோட்டிலேயே இருக்கிறது. ஃபிரீசரில் வைக்கக் கிளிசராலில் போடும்போது நன்றாக வளரும் இளம் வளர்ப்பைத்தான் எடுப்போம். பதினெட்டு மணி நேரம். அதில் ஸ்போர் கிடையாது. ஸ்போர் ஐந்தாம் நாள்தான் வரும் என்று எழுதியதும் நான்தான்.

அப்படியென்றால் பழைய வளர்ப்பு எங்கேயாவது கிடந்தால்? அந்தக் காலத்தில் எல்லா ஸ்ட்ரெயினையும் கறித்துண்டு மீடியத்தில் ஒரு குழாய் போட்டு வைப்போம், வேகவைத்த மாட்டுக்கறித் துகளும் சாறும் போட்ட குழாய். காற்றில்லா ஆட்களுக்கு அது பாட்டி வீடு மாதிரி, அறை வெப்பத்திலேயே நெடுநாள் கிடப்பார்கள். பழைய ஆய்வகத்தில் இப்போதும் இருக்கும் தோழியைக் கூப்பிட்டேன். மேல் ஷெல்ஃபில் தேடச் சொன்னேன்.

ஏப்ரல் 1, இரவு 8.05

குழாய் கிடைத்தது. லேபிள் மங்கி "பி-1" வரைதான் தெரிகிறது. 17-ஆ, 11-ஆ, 12-ஆ என்று தெரியாது. அடியில் பழுப்பாகப் படிந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் வாடை வந்ததாம். என்ன வாடை என்று கேட்டேன். "உன் பழைய துப்பட்டா வாடை" என்றாள்.

ஒரு பகுதியை 70 சதவீத எத்தனாலில் வைத்து ஸ்போர் அல்லாததைக் கொன்றுவிட்டு, டாரோகோலேட் கலந்த தட்டில் தடவியிருக்கிறோம். டாரோகோலேட் பித்த உப்பு. அது பட்டால் ஸ்போர் குடலுக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்து விழித்துக்கொள்ளும். எத்தனால் வைக்காமலும் இரண்டு தட்டு. மொத்தம் நான்கு.

ஏப்ரல் 4, காலை 7.40

மூன்று தட்டும் வெறுமை. ஒன்றில் ஏதோ இருக்கிறது, தண்ணீர்த் துளியாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 7, இரவு 9.20

தண்ணீர்த் துளி இல்லை. மூன்று காலனி, எத்தனாலில் வைத்த தட்டில். கடுகில் பாதி, சாம்பல் வெள்ளை. தோழி ஊசியால் தொட்டாள், ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றதாம். பி-17 என்று நான் சொல்லவில்லை. மூன்று முறை ஸ்ட்ரீக் செய்த பிறகு 16எஸ்-க்கு அனுப்புவோம், இரண்டு பக்கமும். ஒட்டுகிற இடத்தில் முரண்பாடு வந்தால் நான் கை வைக்கமாட்டேன். மூல ஃபைல் வந்ததும் தம்பிக்கு அனுப்புகிறேன், முனையை அவன் வெட்டட்டும்.